எல்ஈடி லைட்டு தானேன்னு சொல்லாதீங்க

செப்டம்பர் ஆனா போதும், நம்ம மலேசியாவுல இலையுதிர் கால அலங்காரத்த ஆரம்பிச்சிடுறாங்க. போன்ல வெள்ளக்காரங்க வீட்டு வீடியோவப் பார்த்துட்டு, சுங்கை சிப்புட் வெயில்ல ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு ஆரஞ்சு கலர் மேப்பிள் இலை மாலை, பிளாஸ்டிக் பூசணி, அதச் சுத்தி சீரியல் லைட்டு, அப்படியே கழட்டாம தீபாவளி வரைக்கும் ஓட்டிடுவாங்க. ஆசைப்படுறதுல தப்பே இல்ல (நம்மூரு இலையுதிர் காலம் ரப்பர் மரம் செவந்து கொட்டுற ஜனவரி, பிப்ரவரிலதான், அது வேற கதை). நான் வயர்மேன், எனக்கு பிரச்சனை அந்த லைட்டுதான்.

போன வாரம் தோட்டத்துப் பக்கம் ஒரு பழைய வீடு. ஜன்னல் கிரில் முழுக்க இலையும் லைட்டும் சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்காங்க. அந்த அக்கா தரைய மாப் பண்ணிட்டு ஈரக் காலோட கிரில்லப் பிடிச்சிருக்காங்க, தோள்பட்டை வரைக்கும் தூக்கி அடிச்சிருக்கு. நான் டெஸ்ட் பென்ன கிரில்ல வெச்சேன், பென் லைட்டு எரியுது, கிரில்லுலயே கரண்ட். கேபிள் டை இறுக்கின இடத்துல வயர் தோல் கிழிஞ்சு செம்பு இரும்புல உரசிக்கிட்டு இருக்கு. டிபி பாக்ஸ்ல (மெயின் சுவிட்ச் பெட்டி) ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், அதோட டெஸ்ட் பட்டன அமுக்கினா அது அசையவே இல்ல, எப்ப செத்துச்சோ. இவ்வளவுக்கும் அப்புறம் அக்கா கேட்கறாங்க, "ஏன் தம்பி, எல்ஈடிதானே, அது கரண்ட்டே இழுக்காதே?"

இதக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சுங்க. எல்ஈடி கம்மியா இழுக்கும், சரி. அதுக்கும் ஷாக்குக்கும் என்ன சம்பந்தம்? பசார் மாலாம்ல (இரவுச் சந்தை), ஆன்லைன்ல வாங்குற மலிவு சீரியல் லைட்டு நிறைய நேரா 230 வோல்ட்ல ஓடுது, அந்த சின்ன டப்பாவுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர்லாம் கிடையாது, லைட்ட மினுக்க வைக்கிற பொருள் மட்டும்தான். அந்த முடி மாதிரி வயர்ல வர்றது உங்க ஃப்ரிட்ஜுக்கு வர்ற அதே கரண்ட். 10 வாட் லைட்டு இழுக்கறது சுமார் 43 மில்லி ஆம்பியர், "அவ்வளவுதானே"ம்பீங்க. ஆனா நெஞ்சு வழியா 30 மில்லி ஆம்பியர் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. அதோட லைட்டு எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் உங்க உடம்புக்குள்ள போகும்னு யார் சொன்னது? அத முடிவு பண்றது வோல்ட்டும் உங்க ஈரக் காலும், லைட்டு இல்ல.

இன்னொரு வியாதி, ரெண்டு பின் பிளக்க மூணு ஓட்டை சாக்கெட்ல பேனாவால குத்தித் திறந்து சொருகறது. சின்னப் பிள்ளைங்க பார்த்துக் கத்துக்குதுங்க, தெரியுமா? சாக்கெட் ஓட்டைக்குள்ள இருக்கிற அந்த மூடி சும்மா வைக்கல. ரெண்டு பின் உள்ள லூசா நின்னு சூடாகும், அதுல ஃபியூஸும் கிடையாது, நம்ம மூணு பின் பிளக்ல இருக்கு. வயர் உருகினாலும் டிபி பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்ல, அது பெரிய லோடுக்கு வெச்சது.

அலங்காரம் வேணாம்னு சொல்லல. பேட்டரி லைட்டு வாங்குங்க, இல்லன்னா 5 வோல்ட் யூஎஸ்பி லைட்டு, அடாப்டர்ல சிரிம் (தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. இரும்பு கிரில், ஜிங்க் கூரை, இரும்பு பைப், இதுல எதுலயும் சுத்தாதீங்க. எக்ஸ்டென்ஷன்ல எக்ஸ்டென்ஷன் மாட்டாதீங்க, அது மேல காய்ஞ்ச இலையக் குவிக்காதீங்க, பக்கத்துல மெழுகுவத்தி வேற ஏத்தி வெச்சா நான் என்ன சொல்ல. படுக்கப் போறப்ப பிளக்கக் கழட்டுங்கம்மா, தயவு செஞ்சு.

யாருக்காவது அடிச்சு ஒட்டிக்கிட்டா இழுக்கப் போகாதீங்க, முதல்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, அப்புறம் அவசர உதவிக்கு 999 கூப்பிடுங்க.

இப்ப எழுந்து போய் உங்க ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்குங்க, மாசம் ஒரு தடவை அமுக்கணும். டக்குனு கட் ஆகணும். ஆகலன்னா லைசன்ஸ் உள்ள வயர்மேனக் கூப்பிடுங்க, பக்கத்து வீட்டு மச்சான இல்ல.