ஃபுளூகோனசோலுக்கு அடங்காத பூஞ்சை

தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்கள் நன்கறிந்த ஒரு புல் உண்டு. கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான அதை மலாய்க்காரர்கள் 'ரும்புட் சம்பாவ்' என்பார்கள். ஒரே மருந்தான கிளைபோசேட்டைத் திரும்பத் திரும்பத் தெளித்ததன் விளைவாக, அதற்குச் சாகாத ரும்புட் சம்பாவ் 1990களின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தில்தான் பதிவாயிற்று. மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய நொதியே வடிவம் மாறிப்போனது அதற்கான காரணங்களுள் ஒன்று. அதே பெண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படும் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றிலும் இத்தகைய மாற்றம் நேர்கிறது.

அரிப்பும் எரிச்சலும் கெட்டியான வெள்ளைப்படுதலுமாக வரும் இத்தொற்று, நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருவதாகக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை. நம் உயிரணுக்களின் சவ்வில் கொழுப்புப்பொருளான கொலஸ்டிரால் இருப்பதுபோல் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. அதை உருவாக்கும் நொதிகளுள் ஒன்றின் நடுவே உள்ள இரும்பணுவில், இத்தொற்றுக்குத் தரப்படும் மாத்திரையான ஃபுளூகோனசோல் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. ஆனால் இம்மருந்து கேண்டிடாவைக் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்க மட்டுமே செய்கிறது. உயிரோடு எஞ்சும் பூஞ்சைக்குத் தன்னை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைப்பது இதனால்தான்.

அந்த மாற்றம் பல வழிகளில் வரலாம். நொதிக்குரிய மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலும் மருந்து பொருந்தாமல் போகலாம். நொதியையே மிகுதியாக உற்பத்தி செய்தால் வழக்கமான அளவு மருந்து போதாது. சவ்வில் உள்ள புரதக் குழாய்கள், உள்ளே நுழைந்த மருந்தை ஆற்றல் செலவிட்டு வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று: சில அல்பிகன்ஸ் பூஞ்சைகள் தம் ஐந்தாம் குரோமோசோமின் ஒரு கையை இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. அந்தக் கையில்தான் மேற்சொன்ன நொதியின் மரபணுவும், வெளியேற்றும் குழாய்களை முடுக்கும் மரபணுவும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே மாற்றத்தில் அப்பூஞ்சைக்கு இரண்டு ஆதாயங்களும் கிட்டிவிடுகின்றன.

கேண்டிடா கிளப்ராட்டா என்ற இன்னோர் இனத்துக்கு இயல்பிலேயே ஃபுளூகோனசோல் அவ்வளவாக உறைப்பதில்லை. இனிப்புநீர் உள்ள பெண்களிடம் இந்த இனம் கூடுதலாகக் காணப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி 15.6 விழுக்காட்டுப் பெரியவர்களுக்கு இனிப்புநீர் உள்ள மலேசியாவில் இதை ஓரத்தில் தள்ளிவிட முடியாது. சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் பூஞ்சைத் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. எனவே மருத்துவரிடம் அவற்றையும் குறிப்பிட வேண்டும்.

ஆயினும், அரிப்பு திரும்பி வந்தாலே மருந்து தோற்றுவிட்டதாக முடிவுகட்டுவது தவறு. கடையில் தாமாகவே பூஞ்சை மருந்து வாங்கிய பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களுள் பலருக்கு இருந்தது பாக்டீரியா கோளாறு. அதற்கு ஃபுளூகோனசோலும், இன்னொரு பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோலும் ஒன்றும் செய்யா. ஆகவே, தொற்று ஓராண்டுக்குள் மூன்று முறை வந்தவர் நான்காம் முறையும் பழைய அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்குவதைவிட, அரசாங்கக் கிளினிக்கில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதே சரி என்பேன். எந்த இனம் என்று தெரிந்தால்தான் மருந்தை மாற்ற முடியும்.

கிளப்ராட்டா என்று உறுதியானால் 600 மில்லிகிராம் போரிக் அமிலக் குளிகைகளைப் பிறப்புறுப்பினுள் வைக்கும் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் பயன்படுத்தவே கூடாது.