பள்ளியில் 'பிரேயர்': பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எதுவரை போகலாம்?

காலைக் கூட்டத்துக்கு நம் ஊரில் பெயர் 'பிரேயர்'தான். லேட்டாக வரும் பிள்ளை கேட்டுக்கு வெளியே நின்று, "பிரேயர் முடிஞ்சிருச்சாண்ணா?" என்று வாட்ச்மேனைக் கேட்கும். ஆனால் அரசுப் பள்ளியில் அந்தக் கால் மணி நேரத்தில் நடப்பது தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண். சாமி கும்பிடுவது அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததற்குக் காரணம் அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு.

இந்தப் பிரிவு முதலில் பார்ப்பது பள்ளி யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதை. முழுக்க அரசுப் பணம் என்றால் அங்கே மதபோதனை கூடாது. ஊரே ஒன்றுகூடிச் சம்மதித்தாலும் கூடாது. 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியிலிருந்து வந்த பேச்சாளர் முற்பிறவி, பாவ புண்ணியம் என்று மாணவிகளிடம் பேச, ஆசிரியர் ஒருவர் அங்கேயே அதைத் தட்டிக் கேட்டார். அது எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பது பலருக்கு நினைவிருக்கும். மதங்களைப் பற்றிப் பாடம் நடத்துவது வேறு விஷயம். புத்தர் யார், நபிகள் யார், குருநானக் என்ன சொன்னார் என்று கற்பிப்பது மதபோதனை ஆகாது. உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு: மதக் கல்வி தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓர் அறக்கட்டளை தொடங்கிய பள்ளியை அரசு நிர்வகித்தால், இந்தத் தடை பொருந்தாது.

அடுத்தது, அரசு உதவி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும். நம் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் படிப்பது இங்கேதான். இங்கே வழிபாடு நடத்தலாம், மத வகுப்பும் எடுக்கலாம். ஆனால் பிள்ளையை அதில் உட்கார வைக்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பெற்றோர் மறுப்புச் சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சட்டம் கேட்பது, கொடுத்த சம்மதத்தை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கும் இதே விதிதான்.

பல கத்தோலிக்கப் பள்ளிகளில் மத வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கிறித்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நீதிபோதனைக்கு. அது சட்டத்துக்குப் பொருந்தி வரும் ஏற்பாடு. காலைக் கூட்டத்தில்தான் சிக்கல். "நீ பாட வேண்டாம், சும்மா நில்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. போதாது. வழிபாட்டில் 'கலந்துகொள்ள' மட்டுமல்ல, 'வந்திருக்கவே' கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அதாவது 28(3). இந்து நிர்வாகம் நடத்தும் பள்ளியில் சரஸ்வதி பூஜைக்கும் கணக்கு ஒன்றே.

நாட்டுப்பண்ணை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். வாய் திறந்து பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில், பிஜோய் இம்மானுவேல் வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்பதே மரியாதை, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை என்றது தீர்ப்பு.

இனி, நீதிமன்றத்தையே யோசிக்க வைத்த கேள்வி. கேந்திரிய வித்யாலயாக்கள் மத்திய அரசுப் பணத்தில் நடப்பவை. அங்கே காலையில் 'அஸதோ மா ஸத்கமய' சொல்கிறார்கள். பொய்யிலிருந்து மெய்க்கு அழைத்துச் செல் என்று பொருள், உபநிடத வரி. இது மதபோதனையா, எல்லாருக்கும் பொதுவான நல்வாக்கா? அரசுப் பணப் பள்ளிகளுக்கான முதல் உட்பிரிவு, 28(1), 'மதபோதனை' என்கிறதே தவிர 'வழிபாடு' என்ற சொல் அதில் இல்லை, இடைவெளி அங்கேதான். உச்ச நீதிமன்றத்தின் இலச்சினையிலேயே சமஸ்கிருத வாசகம் இருக்கிறதே என்று, இது குறித்த வழக்கில் அரசுத் தரப்பு கேட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இதை அரசியல் சாசன அமர்வு (குறைந்தது ஐந்து நீதிபதிகள்) பார்க்கட்டும் என்று அனுப்பியது. பொருள் நல்லது என்பதற்காக, கைகூப்பிக் கண்மூடிச் சொல்லவைப்பது வழிபாடு இல்லை என்று ஆகிவிடாது என்பது என் எண்ணம்.

உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். தலைமையாசிரியருக்கு: "என் மகள் இன்ன வகுப்பு, இன்ன பிரிவு. மத வழிபாட்டிலும் மத வகுப்பிலும் அவள் இருக்க நான் சம்மதம் தரவில்லை. அரசமைப்புச் சட்டம் 28(3)இன்படி விலக்கு அளிக்கவும்." காரணம் எழுத வேண்டியதில்லை, சட்டம் கேட்கவில்லை. பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் கையெழுத்து உங்களுடையது. பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், அடுத்து முதன்மைக் கல்வி அலுவலர், கடைசியாக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஆகவே முதல் நாளே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கி வையுங்கள்.