உலக முடிவுச் செய்திகளும் நம் சேமிப்பும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் நிதி ஆலோசகராகத் தொழில் செய்யும் நான், வாடிக்கையாளர்களின் சமய நம்பிக்கைகளில் தலையிடுவதில்லை. ஆயினும், வாட்ஸ்ஆப்பில் வரும் தீர்க்கதரிசனத்தை நம்பி மருத்துவக் காப்புறுதியை நிறுத்தவும், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து உலர் உணவு வாங்கிக் குவிக்கவும் என்னைப் போன்ற கத்தோலிக்கர்களே முன்வரும்போது வாய்மூடி இருக்க முடிவதில்லை.

ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் தம் கைப்பேசியை என் மேசைமேல் வைத்து, "மூணு நாள் இருட்டாம் சார், மந்திரிச்ச மெழுகுதிரி மட்டுந்தான் எரியுமாம். இனிமே இன்சூரன்ஸ் எதுக்கு?" என்று கேட்டார். அந்தக் காணொளியின் அடியில் நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண் ஒன்றும் இருந்தது. முடியப்போகும் உலகத்தில் அந்தப் பணம் யாருக்கு என்று கேட்க நா துடித்தாலும், அவருடைய அச்சம் உண்மையானது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கிறிஸ்து மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுகிறோம். அவருடைய வருகைக்கு முன் திருச்சபை இறுதிச் சோதனை ஒன்றைக் கடக்க வேண்டியிருக்கும் என 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் கூறுகிறது. நாள் குறிப்பதுதான் நமக்கு உரிமையில்லாத வேலை. அந்த நாளும் வேளையும் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று இயேசுவே சொன்னதாக மாற்கு 13:32 கூறுகிறது. இறுதிக்காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும் எதிர்க்கிறிஸ்துவின் வருகைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் போதகர்கள் காலம் குறிக்கக் கூடாது என திருச்சபைத் தலைவர்கள் கூடிய ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் 1516-லேயே தடை விதித்தது.

தனிப்பட்டவர்கள் பெற்றதாகச் சொல்லும் காட்சிகளும் செய்திகளும் திருச்சபையின் ஏற்பைப் பெற்றிருந்தாலும், அவை விசுவாசக் களஞ்சியத்தின், அதாவது எல்லாரும் நம்ப வேண்டிய அடிப்படை உண்மைகளின், பகுதியாவதில்லை என்பதே மறைக்கல்வியின் போதனை. பிரிக்ஃபீல்ட்ஸ் பங்கு ஆலயத்தின் பாதுகாவலியான பாத்திமா அன்னையின் 1917-ஆம் ஆண்டுக் காட்சிகளோடு இணைந்த மூன்றாம் இரகசியம் 2000-இல் வெளியிடப்பட்டபோது, அது மாற்றவே முடியாத எதிர்காலத்தை முன்கூட்டிக் காட்டும் திரைப்படமல்ல என்று பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன, அன்றைய கர்தினால் ராட்சிங்கர் விளக்கினார். 1595-இல் அச்சேறிய 'மலக்கியின் தீர்க்கதரிசனம்' எனப்படும் திருத்தந்தையர் பட்டியலை வைத்து, திருத்தந்தை பிரான்சிஸே கடைசித் திருத்தந்தை என்று பலர் கணக்குப் போட்டார்கள். அவர் 2025 ஏப்ரல் 21-இல் மறைந்தார். மே 8-இல் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். கணக்குப் போட்டவர்கள் இப்போது வேறு கணக்குப் போடுகிறார்கள்.

ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்ற வதந்தியால் கலங்கிய தெசலோனிக்க சபைக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்ற கண்டிப்பு வருகிறது. தலைவர் வரும்போது தன் பணியைச் செய்துகொண்டிருக்கும் ஊழியனையே மத்தேயு நற்செய்தியும் பாராட்டுகிறது. இதை என் தொழிலோடு சேர்த்துப் பார்த்தால், மெழுகுதிரி சேர்ப்பதைவிட அவசரமான வேலைகள் நம் வீடுகளில் நிறையக் கிடக்கின்றன.

கட்டணம் கட்டாமல் காலாவதியான மருத்துவக் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் உடல்நிலையை மறுபடியும் அறிவிக்க வேண்டும்; இடையில் நீரிழிவோ இதய நோயோ வந்திருந்தால் நிறுவனம் மறுக்கலாம், அல்லது அந்த நோயை மட்டும் விலக்கலாம். 2024 மே முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் புதிய இபிஎஃப் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. நள்ளிரவில் பார்த்த காணொளியின் பயத்தில் விடிவதற்குள் விண்ணப்பித்துவிட முடிகிற வசதி அது. எடுப்பதற்கு முன், அந்தக் காணொளியைப் பங்குத்தந்தையிடம் ஒருமுறை காட்டுங்கள்.

என்னிடம் வருவோரில் பலர் தம் மறைவுக்குப் பின் இபிஎஃப் பணத்தைப் பெற வேண்டிய நியமனதாரரைப் பதிவு செய்ததில்லை; திருமணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டுவிட்டு மறந்தவர்களும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி, பெற்றோரும் துணையும் பிள்ளைகளும் இருக்கும் நிலையில், பெற்றோருக்குக் கால் பங்கும் துணைக்குக் கால் பங்கும் பிள்ளைகளுக்கு அரைப் பங்கும் சேரும். அந்த அம்மையாரின் வீடு இன்னும் மறைந்த கணவரின் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெயரை மாற்றுவதற்கான விண்ணப்பத்தைத்தான் இப்போது முதலில் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.