அரை மில்லிமீட்டர் மணிகளை எண்ணும் வேலை

ஒரு குழந்தையின் மேல் இமையை மெல்லப் பிரட்டினால் உட்பக்கத்தின் இளஞ்சிவப்புச் சவ்வு தெரியும். அதன் நடுப்பகுதியில் வெளிறிய சின்னச் சின்ன மணிகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, ஒவ்வொன்றும் குறைந்தது அரை மில்லிமீட்டர் அகலம் இருந்தால், அந்தக் கண்ணில் டிரக்கோமா அறிகுறி இருப்பதாகப் பதிவாகும். நான்குதான் என்றால் பதிவாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் எளிய தரப்படுத்தல் முறை 1987இல் வகுத்த விதி இது. ஒரு மாவட்டத்துக்கே மருந்து போகுமா, போகாதா என்பது இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.

உலகில் தொற்றால் பார்வை பறிபோவதற்கு முதல் காரணம் டிரக்கோமா. கிளமிடியா டிரக்கோமாடிஸ் என்ற பாக்டீரியா விரல்கள், முகம் துடைக்கும் துணி, கண்ணில் மொய்க்கும் ஈக்கள் வழியாகப் பரவுகிறது. ஒருமுறை வந்துபோனால் பெரிய கெடுதல் இல்லை. சிறுவயதில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் இமையின் உட்புறம் வடுப்பட்டுச் சுருங்குகிறது. வருடங்கள் கழித்து இமை உள்நோக்கி மடங்கி, மயிர்கள் கருவிழியை உரசத் தொடங்கும். கண் சிமிட்டும்போதெல்லாம் உரசல். கருவிழி மங்கிப் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பதால் பெண்களுக்கே இந்தக் கதி அதிகம் நேர்கிறது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து நோய் மறுபடி வந்துவிடும். அதனால் அசித்ரோமைசின் மருந்தை ஊர் முழுவதற்கும் கொடுக்கிறார்கள். எத்தனை ஆண்டுகள் கொடுப்பது? 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் அந்த மணிகள் உள்ளவர்கள் 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஊர் முழுக்க மருந்து தேவையில்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால் குறைந்தது மூன்று ஆண்டுகள், 30ஐத் தாண்டினால் ஐந்து ஆண்டுகள் என்பது நடைமுறை. அளவீடு கொஞ்சம் பிசகினால் தேவைப்படும் ஊர் விடுபட்டுப் போகும், தேவையில்லாத ஊரில் லட்சம் பேர் ஆன்டிபயாட்டிக் விழுங்குவார்கள்.

சரி, ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளைப் பார்த்தால் போதும்? நோய் 10 சதவீதம் அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்து, 3 சதவீதம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை என்று வைத்தால், கணக்குப்படி 384 குழந்தைகள் போதும். ஆனால் டிரக்கோமா சீராகப் பரவுவதில்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் மற்ற பிள்ளைகளுக்கும் இருக்கும், பக்கத்து ஊரில் ஒருவருக்குமே இருக்காது. ஒரே வீட்டின் நான்கு பிள்ளைகளைப் பார்ப்பதால் நான்கு மடங்கு புதுத் தகவல் கிடைத்துவிடாது. இதை ஈடுகட்ட 2.65ஆல் பெருக்குகிறார்கள். ஏறக்குறைய 1,020 குழந்தைகள் ஆகிறது. வீட்டில் இல்லாதவர்கள், மறுப்பவர்களுக்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு 20 முதல் 30 ஊர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சுமார் 30 வீடுகளுக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பது சுலபம்தான். ஆனால் பள்ளிக்கு வராத பிள்ளைதான் பெரும்பாலும் நோயுள்ள பிள்ளை, இரண்டு வயதுக் குழந்தையோ அங்கே இருக்கவே இருக்காது.

பெரியவர்களிடம் வேறொரு சிக்கல். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அதிகமும் முதியவர்கள், பெண்கள். மயிர் உள்நோக்கி உரசும் நிலை அவர்களிடமே மிகுதி. வேலைக்குப் போன இளைஞர்கள் கணக்கில் வராததால் நோய் ஊதிப்பெருகித் தெரியும். ஆகவே மக்கள்தொகைக் கணக்கில் எந்த வயதினர், எந்தப் பாலினத்தவர் எத்தனை பேரோ அதற்கேற்ப முடிவைத் திருத்துகிறார்கள். இங்கே எல்லைக்கோடு 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 0.2 சதவீதம், அதாவது 500 பேரில் ஒருவர். அதனால் இந்தத் திருத்தத்தை லேசாக நினைக்க முடியாது.

இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்தது பரிசோதகர்களுக்கு வைக்கும் தேர்வு. 50 குழந்தைகளின் கண்களை நிபுணரும் பயிற்சி பெறுபவரும் தனித்தனியே பார்ப்பார்கள். இருவர் விடையும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 50 பேரில் 45 பேருக்கு நோய் இல்லை என்றால், இமையைத் தொடாமலே எல்லோருக்கும் 'இல்லை' என்று எழுதுபவருக்கும் 90 சதவீதம் மதிப்பெண் கிடைத்துவிடும்! தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளப்பது கப்பா என்ற அளவு. அந்தச் சோம்பேறிக்குக் கப்பா பூஜ்யம். 0.7 வாங்கினால்தான் களத்துக்குப் போகலாம்.

2012 டிசம்பர் முதல் 2016 ஜனவரி வரை நடந்த உலக டிரக்கோமா வரைபடத் திட்டம் இதே முறையில் 29 நாடுகளில் 26 லட்சம் பேரின் கண்களைப் பார்த்தது. 2.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோடு ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் ஸ்மார்ட்போனில் பதிவு செய்தார். எல்லா நாடுகளுக்கும் ஒரே செயலி, ஒரே கணக்கு. முடிவை ஏற்பது மட்டும் அந்தந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் கையில். 2016இல் தொடங்கிய டிராபிக்கல் டேட்டா என்ற திட்டம் அந்த வேலையைத் தொடர்கிறது.

மருந்து கொடுத்து முடித்துக் குறைந்தது ஆறு மாதம் கழித்து மறுபடி கணக்கெடுப்பு. 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் மருந்தை நிறுத்தி, இரண்டு ஆண்டுகள் காத்திருந்து இன்னொன்று. அப்போதும் ஏறாமல் இருக்க வேண்டும். ஓமன் 2012இல் முதல் நாடாகத் தேறியது, கானா 2018இல், இந்தியா 2024இல்.

நோய் குறையக் குறைய ஒரு புதுச் சங்கடம் வருகிறது. பயிற்சி பெறுபவருக்குக் காட்ட நோயுள்ள கண் கிடைப்பதில்லை, அதனால் நோய் இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களுக்கு அவர்களை அனுப்பிப் பழக்குகிறார்கள். தவிர, மணிகள் தெரிந்தும் பாக்டீரியா இல்லாத கண்கள் அதிகமாகின்றன. பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகள் சிலவற்றில் குழந்தைகளிடம் மணிகள் நிறையத் தென்பட்டன, பெரியவர்களிடம் மயிர் உரசும் நிலையோ அரிதாகவே இருந்தது. இத்தகைய இடங்களில் இமையைப் பார்ப்பதோடு, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, அந்தப் பிள்ளை எப்போதாவது இந்தக் கிருமியைச் சந்தித்ததா என்று எதிர்ப்புரதத்தைத் தேடிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.