சேஸா, சூவெல்லா? ஒரு டிராஃப்ட் வாக்குவாதத்துக்குள் இருக்கும் கணக்கு

2021 ஏப்ரலில் அமெரிக்க ஃபுட்பால் அணியான சின்சினாட்டி பெங்கால்ஸின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். முந்தைய ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பர்ரோ, நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து மீதி சீசன் முழுவதையும் இழந்திருந்தார். அணி தோற்றுத் தோற்று, 5-வது தேர்வு கைக்கு வந்திருந்தது. பர்ரோவைக் காப்பாற்ற ஆள் வேண்டும், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய டாக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைத் தடுப்பாளர்) பெனே சூவெல்லை எடு என்றது ஒரு கட்சி. எல்எஸ்யூ கல்லூரி அணியில் பர்ரோ எறிந்த பந்தையெல்லாம் பிடித்த ரிசீவர் ஜமார் சேஸை எடு என்றது இன்னொரு கட்சி. நான் சூவெல் பக்கம். சுவர் நிற்காத வீட்டுக்கு ஜன்னல் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

கேள்வியையே தப்பாகப் பிடித்திருந்தேன் என்பது புரிய எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது. ஆட்டத்துக்கு எந்த இடம் முக்கியம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை வேறு வழியில் நிரப்பப் போனால் என்ன செலவாகும் என்று பார்த்திருக்க வேண்டும். இது ஒரு சின்ன மாற்றம் மாதிரி தெரியும், ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் போடுகிற சண்டையில் பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

முதலில் டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் இங்கே ஏலமே கிடையாது, வரிசைதான். போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும், சாம்பியன் கடைசியில். மொத்தம் 32 அணிகள், 7 சுற்று. 1936-ல் பிலடெல்ஃபியாவில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை அது. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம்.

வரிசை என்றால் விலை யார் வைப்பது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2010 வரை ஒவ்வொரு ஆளோடும் தனித்தனியாகப் பேரம் நடந்தது. அந்த ஆண்டு முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் 5 கோடி உறுதித் தொகை. ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு! 2011-ல் வீரர் சங்கத்தோடு போட்ட புதிய ஒப்பந்தம் இதை மாற்றியது. அதற்கப்புறம் புதுமுகத்தின் சம்பளத்தை நிர்ணயிப்பது அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பது மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். 2011-ன் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்கு சுமார் 2.2 கோடி. ஒரே வருடத்தில் இவ்வளவு வீழ்ச்சி.

இதோடு சம்பள உச்சவரம்பையும் சேர்த்துப் பாருங்கள். 1994-லிருந்து, 2010 ஒன்றைத் தவிர, ஒவ்வொரு அணியும் இவ்வளவுக்குள்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 2024-ல் அது 25.54 கோடி டாலர். 53 பேருக்கு அந்தப் பணத்தைப் பங்கிட வேண்டும். ஆக, ஒரு இடத்தில் மிச்சம் பிடித்தால்தான் இன்னொரு இடத்தில் தாராளம் காட்ட முடியும். 7-வது ஆளாக நீங்கள் ரன்னிங் பேக்கை (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) எடுத்தாலும் அதே சம்பளம், குவார்ட்டர்பேக்கை எடுத்தாலும் அதே சம்பளம். ஆனால் வெளிச் சந்தையில் அந்த இரண்டு இடங்களின் விலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2018 டிராஃப்ட் இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 2-வது தேர்வில் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை எடுத்தது. 4 ஆண்டுகளுக்கு சுமார் 3.1 கோடி டாலர், அதாவது வருடத்துக்கு 78 லட்சம். அந்த நேரத்தில் நீண்ட கால ஒப்பந்தத்தில் இருந்த ரன்னிங் பேக்குகளில் ஆண்டுச் சராசரியில் உச்சத்தில் இருந்த டெவோன்டா ஃப்ரீமனுக்கே சுமார் 82 லட்சம்தான். ஒரு நாள்கூட தொழில்முறை ஆட்டம் ஆடாத பார்க்லி, லீக்கின் சிறந்த ரன்னிங் பேக்காக ஆனால்தான் அந்தச் சம்பளம் சரிக்குச் சரி ஆகும். மிச்சம் என்று ஒன்றும் இல்லை. அதே டிராஃப்டில் 7-வதாக பஃபலோ எடுத்த குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்கு 4 ஆண்டுக்கு சுமார் 2.1 கோடி, வருடத்துக்கு 53 லட்சம். அப்போது நல்ல குவார்ட்டர்பேக்கின் சந்தை விலை வருடத்துக்கு 2.8 கோடி, 3 கோடி என்று போய்க்கொண்டிருந்தது. ஆலன் ஓரளவு தேறினாலே வருடத்துக்கு ஒன்றிரண்டு கோடி டாலர் மிச்சம், அதை வைத்து இரண்டு மூன்று நல்ல ஆட்களை வாங்கலாம். அவர் ஓரளவுக்கு மேலேயே தேறினார்.

பார்க்லி நல்ல வீரர் இல்லையா என்று கேட்டால், அற்புதமான வீரர். 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய் ஒரே சீசனில் 2,005 கெஜம் ஓடினார், அந்த அணி சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியையும் வென்றது. ஆனால் ஈகிள்ஸ் அவருக்காக டிராஃப்டில் ஒரு தேர்வையும் செலவழிக்கவில்லை. சந்தையில், ரன்னிங் பேக்குகளுக்கு இருக்கிற மலிவு விலையில், வருடத்துக்கு 1.26 கோடிக்கு வாங்கினார்கள். அதற்கு முன்பே லீக்கின் மிகச் சிறந்த ஆஃபென்சிவ் லைன்களில் (முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள்) ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். ரன்னிங் பேக் ஓடுகிற தூரத்தில் பெரும் பங்கு முன்னால் வழி விலக்கிக் கொடுக்கிற ஐந்து பேருடையது. போதாக்குறைக்கு இந்த இடத்தில் உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும், முதல் ஒப்பந்தம் முடியும்போதே பலருக்கு நல்ல காலம் தாண்டியிருக்கும். டென்வருக்காக 1998-ல் 2,008 கெஜம் ஓடிய டெரல் டேவிஸ் 6-வது சுற்றில் 196-வதாக எடுக்கப்பட்டவர். இந்த இடத்துக்கு ஆள் கீழ்ச் சுற்றுகளிலும் கிடைக்கிறார்கள், அதுவும் விலையை இறக்குகிறது.

2024 டிராஃப்டில் முதல் 12 தேர்வுகளில் 6 பேர் குவார்ட்டர்பேக். முதல் ரன்னிங் பேக்கின் பெயர் வந்தது 46-வதாக, இரண்டாம் சுற்றில்.

இதுவரை சொன்னதெல்லாம், எடுக்கிற ஆள் தேறுவார் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. தேறுவாரா? 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்காக டிராஃப்ட் தேர்வுகளுக்கு ஒரு மதிப்பு அட்டவணை தயாரானது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, 16-வது தேர்வுக்கு 1,000, முதல் சுற்றின் கடைசியான 32-வதுக்கு 590. தேர்வுகளைக் கைமாற்றும்போது அணிகள் ரொம்ப காலம் இதை வைத்துத்தான் பேரம் பேசின. கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் (தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் கிடைத்தது) தேர்வு தள்ளிப் போகப் போக மதிப்பு எவ்வளவு விழும் என்று இந்தச் சந்தை நம்புகிறதோ அந்தச் சரிவையும் வீரர்கள் உண்மையில் ஆடிய ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, அணிகள் தங்கள் கணிப்பின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்து உச்சத் தேர்வுகளுக்கு அதிக விலை கொடுக்கின்றன என்பது. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அடுத்ததாக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதத்துக்குச் சற்றே மேலே, அவ்வளவுதான். கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது. அவர்கள் பார்த்த தரவுகள் பெரும்பாலும் பழைய சம்பள முறைக் காலத்தவை, ஆனால் கணிப்பில் இருக்கும் இந்தத் தடுமாற்றத்துக்கும் சம்பள முறைக்கும் தொடர்பில்லை. குவார்ட்டர்பேக்குகளில் ஜாம்பவானான டாம் பிரேடி 199-வதாகப் போனார். சான் ஃபிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வது. வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர்கூட வாங்காத காலத்திலேயே அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்.

சரி, சின்சினாட்டிக்குத் திரும்புவோம். ரசிகர்கள் சேஸையும் சூவெல்லையும் தராசின் இரண்டு தட்டில் வைத்தார்கள். அணி எடைபோட வேண்டியிருந்தது இரண்டு ஜோடிகளை: சேஸ் மற்றும் இரண்டாம் சுற்றில் கிடைக்கும் ஒரு லைன்மேன் ஒரு பக்கம், சூவெல் மற்றும் இரண்டாம் சுற்றில் கிடைக்கும் ஒரு ரிசீவர் இன்னொரு பக்கம். எந்த இடத்தில் முதல் சுற்றிலிருந்து இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது தரம் செங்குத்தாக விழுகிறதோ, அந்த இடத்தை முதலில் எடுக்க வேண்டும். அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் லைன்மேன்கள் வளமாக இருந்தார்கள். லேண்டன் டிக்கர்சன் 37-வதாகப் போனார், சாமுவேல் காஸ்மி 51, கிரீட் ஹம்ஃப்ரி 63. பின்னாளில் அவரவர் அணியில் தூணாக நின்றவர்கள். இரண்டாம் சுற்று ரிசீவர்களில் சேஸின் கிட்டத்தில் வந்தவர் ஒருவரும் இல்லை. பெங்கால்ஸ் சேஸை எடுத்தது, இரண்டாம் சுற்றில் 38-லிருந்து 46-க்கு இறங்கி டாக்கிள் ஜாக்சன் கார்மனை எடுத்தது. யோசனை சரி, ஆனால் கார்மன் நிலையான இடம் பிடிக்கவில்லை. 17 இடம் தள்ளி ஹம்ஃப்ரி இருந்தார். நாணயம் மறுபக்கம் விழுந்துவிட்டது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான். ஆஃபென்சிவ் லைன் ஏரிக்கரை மாதிரி. நான்கு இடத்தில் பத்தடி உயரம் இருந்து என்ன, ஐந்தாவது இடத்தில் உடைந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். ஐந்து பேரில் பலவீனமானவர் யாரோ அவரைத் தேடித்தான் எதிரணி ஆள் அனுப்பும். அதனால் ஒரே ஒரு அபாரமான டாக்கிளைக் கொண்டுவந்தால் கரையின் ஒரு துண்டுதான் உயரும். மற்ற பள்ளங்களையும் ஓரளவு நிரப்பினால்தான் அவருடைய மதிப்பு வெளியே தெரியும். ரிசீவர் விஷயம் நேர் எதிர். களத்தில் இருக்கும் ரிசீவர்களில் மிகச் சிறந்தவரைத் தேடி குவார்ட்டர்பேக் எறிவார், சுமாரானவரைத் தேடி எறிய வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரு அபார ஆள் வந்தாலே, அவரைக் காவல் காக்க எதிரணி இரண்டு பேரை ஒதுக்க வேண்டிவரும், அதனால் மற்றவர்களுக்கும் இடம் திறக்கும். இதோடு, குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்படுவதில் எல்லாக் குற்றமும் லைன்மேன்களுடையது அல்ல. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் எந்தச் சுவருக்குப் பின்னால் நின்றாலும் அதிகம் வீழ்வார்.

நடந்தது என்ன? 2021-ல் சேஸ் 1,455 கெஜம், 13 டச்டவுன், ஆண்டின் சிறந்த புதுமுக ஆஃபென்ஸ் வீரர். முந்தைய சீசனில் 4 ஆட்டம் மட்டும் வென்ற அணி சூப்பர் பவுலுக்குப் போனது. அதே சீசனில் பர்ரோ வழக்கமான ஆட்டங்களில் 51 முறை, பிளே ஆஃபில் 19 முறை, ஆக 70 முறை வீழ்த்தப்பட்டார். டென்னசிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 9 முறை, அதிலும் ஜெயித்தார்கள். சூப்பர் பவுலில் 7. அந்தக் கடைசி நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்பப் பார்த்திருக்கிறேன். ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20, நான்காவது, அதாவது கடைசி முயற்சி, பந்தைத் தக்கவைக்க ஒரு கெஜம் வேண்டும். களத்தின் ஓரத்தில் சேஸைக் காவல் காத்தவர் சறுக்கி விழ, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். பர்ரோ அவரைப் பார்த்து எறிய அரை விநாடி வேண்டும், அதற்குள் ராம்ஸின் ஏரன் டொனால்ட் லைனைப் பிளந்துகொண்டு வந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்றிவிடுகிறார், பந்து தரையில் விழுகிறது. சேஸ் கட்சியும் சூவெல் கட்சியும் தங்கள் வாதத்துக்கு ஆதாரமாக இன்றும் இந்த ஒரே காட்சியைத்தான் காட்டுகிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

சூவெல் 7-வதாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். அந்த அணி ரிசீவருக்கு அவசரப்படவில்லை. 4-வது சுற்றில், 112-வதாக, அமான்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தது, வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் டாலர். இரண்டு பேருமே 2023-ல் லீக்கின் ஆல்-ப்ரோ முதல் அணியில் (அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) இடம்பிடித்தார்கள். பெங்கால்ஸ் சரியாகப் போட்ட ஜோடிக் கணக்கில் பாதி தவறியது, லயன்ஸ் எடுத்த ஜோடியில் இரண்டுமே பலித்தன. திறமை எவ்வளவு, நாணயம் விழுந்த விதம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியும் என்று நான் நம்பவில்லை.

மலிவுக் காலம் முடிந்ததும் சந்தை விலை வந்து நிற்கும். 2024 ஏப்ரல் 24 அன்று, ஒரே நாளில், லயன்ஸ் செயின்ட் பிரவுனுக்கு 4 ஆண்டுக்கு 12 கோடியும் சூவெல்லுக்கு 11.2 கோடியும் தர ஒப்புக்கொண்டது. சேஸுக்கு பெங்கால்ஸ் 2025 மார்ச்சில் 4 ஆண்டுக்கு 16.1 கோடி கொடுத்தது. லயன்ஸின் அந்த ஒப்பந்தங்களுக்கு மறுநாள் டிராஃப்ட் தொடங்கியது. அந்த ஆண்டு அது நடந்ததும் டெட்ராய்ட்டில்தான். நகர மையத்தில் கூடியிருந்த ரசிகர்களிடையே புது வாக்குவாதம்: ரிசீவருக்கும் லைனுக்கும் பணம் போய்விட்டது, பின்வரிசைத் தடுப்பு ஓட்டையாக இருக்கிறது, கார்னர்பேக்கை (எதிரணி ரிசீவரைக் காவல் காப்பவர்) எடுப்பதா, கைக்கு வருகிற நல்ல ஆளை எடுப்பதா? லயன்ஸ் 29-லிருந்து 24-க்கு ஏறி, கார்னர்பேக் டெரியன் ஆர்னல்டை எடுத்தது.