மருந்து மாசும் மருந்து எச்சமும்

'பார்மசூட்டிகல் பொல்யூஷன்' என்பதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது 'மருந்து மாசு'. நாம் விழுங்கும் மாத்திரை, மாட்டுக்குப் போடும் ஊசி, மருந்து ஆலை ஆகியவற்றிலிருந்து வேதிப்பொருள்கள் நீர்நிலைகளில் போய்ச் சேர்வதற்குத்தான் இந்தப் பெயர். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்றாலே நமக்குச் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் நினைவுக்கு வரும். இந்த மாசு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது.

பார்மசி, பார்மா எல்லாமே கிரேக்கத்தின் 'ஃபார்மகோன்' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதற்கு மருந்து என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். நம் 'மருந்து' மட்டும் என்னவாம்? எலி மருந்து, பூச்சி மருந்து, வெடிமருந்து என்று கொல்லும் பொருளுக்கெல்லாம் அதே சொல்தான். ஊரில் ஒருவர் 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்றால் யாரும் இருமல் மருந்தை நினைப்பதில்லை. அந்த வகையில் 'பார்மா'வுக்கு 'மருந்து' கச்சிதமான சொல். அதை மாற்ற வேண்டியதில்லை.

இடறுவது 'மாசு'. 'பொல்யூஷன்' லத்தீனில் தீட்டுப்படுத்துவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. 'மாசு' என்றால் அழுக்கு, குற்றம், கறை. மாசறு பொன் என்கிறோமே, அந்த மாசு. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. அந்தப் பெயர் நாளிதழிலும் அரசுக் கடிதத்திலும் புழங்கிப் புழங்கி, இன்று மாசு என்றால் காற்று மாசும் நீர் மாசும்தான். சொல்லில் குறையில்லை. ஆனால் 'மருந்து மாசு' என்று வெறுமனே தலைப்புப் போட்டால் மருந்தில் கலந்த மாசா, மருந்தால் வந்த மாசா என்று தெரியாது. கலப்பட மருந்து பற்றிய செய்தி என்றே பாதிப் பேர் படிப்பார்கள். தொகுத்துச் சொல்லும்போது வேற்றுமை உருபு மறைந்துவிடுவதால் வரும் தொல்லை இது. உருபை வெளியே எடுத்து 'மருந்தால் நீர் மாசு' என்று எழுதினால் சரியாகிவிடும், கொஞ்சம் நீளம் அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது 'மருந்து எச்சம்'. எஞ்சு என்ற வினையிலிருந்து வந்தது எச்சம். மீந்தது என்று பொருள். காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம் என்று வேளாண்மைத் துறையினர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். பறவை எச்சம் என்றும் சொல்கிறோம், அதாவது உடல் கழித்தது. இங்கே இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்துகின்றன. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் சேர்ந்த மருந்து உடலில் சிதைவதில்லை, அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைச் சென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லா வீட்டுக் கழிப்பறையும் கடைசியில் ஏதோ ஒரு நீரோட்டத்துக்குத்தான் வழி. கோயம்பேடு, நெசப்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரில் அழுகக்கூடிய கரிமப் பொருளைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருந்து மூலக்கூறைப் பிடிப்பது அவற்றின் வேலையாக வைக்கப்படவில்லை. வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன் போன்றவை இத்தகைய நிலையங்களைப் பெரும்பாலும் அப்படியே கடந்துவிடும்.

2022-ல் 104 நாடுகளின் 258 ஆறுகளில் எடுத்த நீரைச் சோதித்த ஆய்வு ஒன்று வெளியானது. அதில் அதிக இடங்களில் கிடைத்தவை கார்பமசெபைன், மெட்ஃபார்மின், காஃபீன். கடைசியில் உள்ளது நம் ஃபில்டர் காபியில் இருப்பதேதான்.

அப்புறம், மருத்துவக் கழிவு என்பது வேறு. பயன்படுத்திய ஊசி, பஞ்சு, குளுக்கோஸ் பை இவையெல்லாம் அதில் சேரும். அதற்கு 2016-ம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்து திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டது அந்த வகை. குப்பையாகக் கிடப்பதால் லாரியில் அள்ளித் திருப்பி அனுப்ப முடிந்தது. ஆற்றில் கரைந்த எச்சத்தை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது.

எச்சம் என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆலை நேராக விடுவதை எச்சம் என்று எழுதினால் குற்றத்தைக் குறைத்துக் காட்டுவதாகிவிடும். ஐதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இருந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. அது யார் உடலிலும் புகுந்து மீந்ததல்ல. அதற்கு 'மருந்து ஆலைக் கழிவு' என்று பச்சையாகவே எழுதலாம்.