சோர்ஸ் டெர்ம்: தமிழில் ‘கசிவுக் கணக்கு’

சேதமடைந்த அணு உலையிலிருந்து எந்தெந்தக் கதிரியக்கப் பொருள், எவ்வளவு, எப்போது, எந்த வழியாக வெளியேறியது என்ற முழு விவரத்துக்குத்தான் ‘சோர்ஸ் டெர்ம்’ என்று பெயர். சொல் கணிதத்திலிருந்து வந்தது. ஒரு பொருள் காற்றிலோ நீரிலோ பரவுவதைச் சொல்லும் சமன்பாட்டில், புதிதாக வந்து சேர்வதைக் குறிக்கும் உறுப்பு அது. ‘மூல உறுப்பு’ என்பது சமன்பாட்டுக்குச் சரி. செய்தியில் எழுதினால் யாருக்கும் விளங்காது. அங்கே ‘கசிவுக் கணக்கு’ என்றே எழுத வேண்டும் என்பேன்.

‘கணக்கு’ என்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது, 2011 ஏப்ரல் 2 அன்று, இரண்டாம் உலையின் கடலோரக் குழியில் ஒரு விரிசல் தெரிந்தது. கதிரியக்க நீர் நேரே கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. கான்கிரீட் ஊற்றினார்கள், மரத்தூளும் கிழித்த செய்தித்தாளும் போட்டு அடைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. இறுகி அடைக்கும் சோடியம் சிலிகேட் என்ற வேதிப்பொருளைச் செலுத்திய பிறகு ஏப்ரல் 6இல் நின்றது. அதுவரை போனதை நேரடியாக அளந்து வைத்தவர் எவருமில்லை. கரையோர நீரில் கிடைத்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் அளவையும், நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். காற்றிலிருந்து கடலில் விழுந்ததைத் தனியே பிரிக்க, அயோடின்-131 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளுக்கும் சீசியம்-137க்கும் உள்ள விகிதம் உதவியது. அப்படியும் ஜப்பானிய ஆய்வாளர்களின் ஒரு மதிப்பீடு 35 கோடி கோடி பெக்கரல். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் மதிப்பீடு 270 கோடி கோடி. (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்.) இரண்டும் சீசியம்-137 ஒன்றுக்கு மட்டுமே, கடலில் நேராகக் கலந்ததற்கு மட்டுமே.

கொடைக்கானல்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. பாம்பார் சோலையை ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டபோது, எவ்வளவு பாதரசம் வெளியே போனது என்பதே இங்கே பெரும் வழக்காக இருந்தது. வாங்கியதிலிருந்து தெர்மாமீட்டரில் போனதையும், கண்ணாடிக் கழிவில் போனதையும், கையிருப்பையும் கழித்துத்தான் விடை தேட வேண்டியிருந்தது. ஆவியாகிப் போனதற்கு ரசீது ஏது? கழிப்பவர் மாறினால் மிச்சமும் மாறியது. அதனால்தான் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. யார் போட்ட கணக்கு, எந்தத் தேதி வரை என்பதும் கூடவே வர வேண்டும்.

‘கசிவு அளவீடு’ என்று எழுதிவிடக் கூடாது. அது தவறு, அளவீடு என்றால் கருவி வைத்து அளந்தது. ‘கடல்வழிக் கசிவுக் கணக்கு’, ‘காற்றுவழிக் கசிவுக் கணக்கு’ என்று பிரித்து எழுதினால் போதும்.